சீரகத்தின் சொந்தக்காரச் செடியும் அலர்ஜி மருந்தும்



"அண்ணாச்சி, பையனுக்கு ஓயாத தும்மல், மூக்கில் நீராகக் கொட்டுது, என்ன வாங்கிக் கொடுக்கலாம்?" என்று கேட்காத வாடிக்கையாளர் நம்மில் யார் கடைக்கு வரவில்லை? நாமும் மஞ்சள், மிளகு, ஓமம், தூதுவளைப் பொடி என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். அந்தச் சரக்கில் என்ன இருக்கிறது, அது எதுவரை வேலை செய்யும் என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

தூசியோ மகரந்தமோ சிலர் உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை. அது மூக்கில் நுழைந்ததும், மாஸ்ட் செல் என்னும் உயிரணுக்கள் தம்முள் சேர்த்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டிவிடுகின்றன. தும்மல், அரிப்பு, தடிப்பு எல்லாம் பெரும்பாலும் அதன் வேலைதான். மருந்துக் கடையில் வாங்கும் செட்ரிசின் மாத்திரை, கொட்டிய ஹிஸ்டமினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. ஆனால் மூட்டை அவிழாமலே வாயைக் கட்டிவைக்க முடியுமா?

முடியும் என்று காட்டிய மருந்து ஒரு செடியிலிருந்து தொடங்கியது. எகிப்தில் விளையும் கெல்லா என்ற அந்தச் செடி, நம் சீரகம், கொத்தமல்லி, ஓமம், சோம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதையிலுள்ள கெல்லின் என்ற பொருள் இறுகிய தசையைத் தளர்த்தும். ஆனால் குமட்டலும் தரும். இங்கிலாந்தில் ரோஜர் அல்டூன்யன் என்ற மருத்துவர் ஆஸ்துமாக்காரர். கினிப்பன்றியின் ரோமம் அவருக்கு ஆகாது. கெல்லினை ஒட்டிச் செய்யப்பட்ட புதுப் பொருள்களை ஒவ்வொன்றாகத் தம் உடம்பிலேயே சோதித்தார். கினிப்பன்றி ரோமச் சாற்றை முகர்ந்து, தாமே மூச்சுத்திணறலை வரவழைத்துக்கொண்டு பார்த்தார்! பல ஆண்டுகள் இப்படிப் பாடுபட்ட பிறகு, 1965-இல் சோடியம் குரோமோகிளைகேட் கிடைத்தது. கண் அரிப்புக்குச் சொட்டு மருந்தாக அது இன்றும் பயன்படுகிறது. விதை வேறு, அதிலிருந்து பிறந்த மருந்து வேறு என்பதை இதில் கவனிக்க வேண்டும்.

நம் மஞ்சளுக்கு வருவோம். அதிலுள்ள கர்க்குமின், சோதனைக்கூடத்தில் மாஸ்ட் செல்லைக் கட்டுப்படுத்துகிறது. வெங்காயத்திலுள்ள குவர்செடினும் அப்படியே. ஆனால் கணக்குப் பாருங்கள். மஞ்சளில் கர்க்குமின் பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான். 2 கிராம் கர்க்குமின் வேண்டுமென்றால் 40 முதல் 100 கிராம் வரை மஞ்சள் தின்ன வேண்டும்! அதிலும் உடம்பில் சேர்வது மிகக் குறைவு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் கர்க்குமினுடன் மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, அது இரத்தத்தில் சேர்வது பல மடங்கு கூடியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்ட நம் பாட்டிமார் சும்மா போடவில்லை. ஆனால் அந்த ஆய்வு கர்க்குமின் இரத்தத்தில் சேர்வதைப் பார்த்ததே தவிர, தும்மல் நின்றதா என்று பார்க்கவில்லை. பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டும். ஆகவே தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மிளகு, திப்பிலிச் சூரணத்தை அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது.

சளி, தொண்டைக் கரகரப்புக்குக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். மூச்சு இரைக்கிற பிள்ளைக்கு என்றால், "டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியே கொடுங்கள். ஒரு பாக்கெட் குறைவாக விற்றால் நமக்கு ஒன்றும் முழுகிவிடாது. மளிகைப் பொடி பாக்கெட்டின் மேல் "ஆஸ்துமா அடியோடு தீரும்" என்று அச்சடிப்பதும் வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

இன்னொன்று. நம் சரக்கே சிலருக்கு அலர்ஜி தரும். கடுகும் எள்ளும் ஐரோப்பிய நாடுகளில் லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் அமெரிக்காவில் சீரகப் பொடியில் நிலக்கடலைப் புரதம் கலந்திருந்தது தெரியவந்து, அந்தப் பொடி சேர்ந்த ஏராளமான சரக்குகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. கடலை ஆகாதவருக்கு ஒரு சிட்டிகை போதும், உயிருக்கே ஆபத்து. ஆகவே கடலை அடைத்த பழைய சாக்கில் சீரகம் அடைக்காதீர்கள். அரவை மில்லில் கடலை ஓடிய கையோடு நம் சரக்கைக் கொட்டவிடாமல், இயந்திரத்தைத் துடைத்த பிறகே போடச் சொல்லுங்கள். முதல் ஈட்டை விற்பனைக்குச் சேர்க்காமல் தனியே எடுத்துவிடுங்கள்.