பாண்டிச்சேரி வர்றீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் பையைக் கட்டுங்க

நீண்ட வார லீவு வந்தா போதும், "அக்கா, பாண்டிக்கு வர்றோம், எங்க சாப்பிடறது, எங்க சுத்தறது?"ன்னு போன் அடிக்க ஆரம்பிச்சிடும். சித்தி பொண்ணு, நாத்தனார் பொண்ணு, அவங்க ஹாஸ்டல் தோழிங்கன்னு ஒரு பட்டாளமே கேட்கும். முத்தியால்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவ நான். இந்த ஊர் விஷயம் கேட்டா வாயை மூடிட்டு இருக்க முடியாது. அதனால மொத்தமா எழுதி வெச்சுட்டேன்.

முதல்ல ஒரு சூத்திரம். ஊருக்கு நடுவுல வடக்கு தெற்கா பெரிய வாய்க்கால் ஓடுது. அதுக்குக் கிழக்கே கடல் வரைக்கும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமா இருக்கறது ஒயிட் டவுன். மேற்கே தமிழ் வீதிகள். பார்க்கறது கிழக்கே, சாப்பிடறது மேற்கே. இதை மனசுல வெச்சுக்கிட்டா வயிறும் நிறையும், பர்ஸும் காலியாகாது. கிழக்கே காசு கொடுத்து உட்கார வேண்டிய நேரம் ஒண்ணே ஒண்ணுதான். அதையும் சொல்றேன்.

எப்ப வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி அருமை. அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம்னு செய்தி வந்தா டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க. மீன் சாப்பிடத்தான் வர்றோம்னா இன்னொரு கணக்கும் பார்க்கணும். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. வஞ்சிரம், வவ்வால் எல்லாம் வெளியூர் ஐஸ் பெட்டியில வரும், விலையும் ஏறும். அப்ப வந்தீங்கன்னா சின்னப் படகுக்காரங்க பக்கத்துலயே பிடிச்சுட்டு வர்ற பொடி மீனைக் கேளுங்க. புரட்டாசியில இதுக்கு நேர் எதிர். பாதி ஊர் கவுச்சியைத் தொடாது, மீன் மலிவாக் கிடைக்கும்.

திருவிழாக் கூட்டம் பிடிக்கும்னா ஆடி மாசம் வாங்க. வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் நடக்கும். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடிச்ச வழக்கம் இன்னிக்கும் தொடருது. ஜூலை 14 பிரெஞ்சு தேசிய தினம். அதுக்கு முந்தின நாள் சாயந்திரம் ஊர்வலத்தைப் பார்க்கலாம்.

விடியக்காலை: கடற்கரைச் சாலை

சாயந்திரம் 6 மணியிலேருந்து மறுநாள் காலை 7.30 வரைக்கும் கடற்கரைச் சாலையில வண்டி விட மாட்டாங்க. எல்லாரும் சாயந்திரம்தான் போவாங்க. நீங்க காலையில அஞ்சரைக்குப் போங்க. காந்தி சிலை, 1836-ல கட்டின பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சு போர் நினைவுச் சின்னம் எல்லாத்தையும் கூட்டமில்லாம நிதானமாப் பார்க்கலாம். போட்டோவுக்கும் அந்த வெளிச்சம்தான் நல்லது.

"பீச்சுன்னு சொன்னீங்க, மணலைக் காணோமே, கல்லா இருக்கே"ன்னு கேட்காதவங்க கிடையாது. முன்னாடி இங்க மணல் இருந்தது. 1980-கள்ல தெற்கே துறைமுகத்துக்குக் கடலுக்குள்ள தடுப்புச் சுவர் கட்டினாங்க. தெற்கேருந்து வடக்கே நகர்ந்து வர்ற மணல் அதோட நின்னு போச்சு. அலை கரையை அரிச்சதால பாறாங்கல்லைக் கொட்டினாங்க. பின்னாடி கடலுக்குள்ள செயற்கைத் திட்டு ஒண்ணு வெச்ச பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கொஞ்சம் மணல் திரும்பியிருக்கு. கல்லு மேல பாசி பிடிச்சிருக்கும், செல்ஃபிக்காக அதுல ஏறவே ஏறாதீங்க.

கிழக்கே காசு கொடுத்து உட்காரலாம்னு சொன்னேனே, அது இப்பத்தான். கடலை ஒட்டி லெ கஃபே இருக்கு. அங்க ஒரு காபியை மட்டும் வாங்கிட்டு அலையைப் பார்த்துக்கிட்டு உட்காருங்க. நீங்க காசு கொடுக்கறது காபிக்கு இல்ல, அந்த இடத்துக்கு. டிபனை அங்க ஆர்டர் பண்ண வேண்டாம்.

டிபன்: வாய்க்காலைத் தாண்டுங்க

நேரு வீதியில இந்தியன் காபி ஹவுஸ் இருக்கு. தொழிலாளர்கள் கூட்டுறவா நடத்தற கடை. 'லைஃப் ஆஃப் பை' நாவலோட முன்னுரையில வர்ற காபி ஹவுஸ் இதுதான். தோசை, ஆம்லெட், காபின்னு எளிமையா முடிச்சுக்கலாம். அவசரப்படுத்த மாட்டாங்க, நீங்களும் அவசரப்படாதீங்க. சைவம் மட்டும்னா மிஷன் வீதிப் பக்கம் பொங்கல், பூரிக்குப் பஞ்சமே இல்ல.

பெரிய மார்க்கெட்டை விட்டுடாதீங்க

போர்டுல குபேர் அங்காடின்னு இருக்கும். நாங்க சொல்றது பெரிய மார்க்கெட். நேரு வீதியிலேருந்தே உள்ள போகலாம். பூக்கடை, வாழையிலை, வெற்றிலையைத் தாண்டினா மீன் பக்கம். தரை ஈரமா இருக்கும். வெள்ளைச் செருப்பும் தரையைத் துடைக்கற பேன்ட்டும் வேண்டாம்.

மீன்காரம்மாங்க கூறு போட்டு வெச்சிருப்பாங்க. சங்கரா சிவப்பா மின்னும், பக்கத்துல நெத்திலி வெள்ளிக் குவியலா இருக்கும். ஓரமா ஒரு அம்மா அருவாமனையைக் காலால அழுத்திக்கிட்டு, கண்ணை எடுக்காமலே செதில் எடுத்து, செவுளைப் பிடுங்கி, துண்டு போட்டுத் தருவாங்க. சமையலறை உள்ள வீடா எடுத்துத் தங்கினா இங்கயே வாங்குங்க. செவுள் ரத்தச் சிவப்பா இருக்கணும், கண்ணு குழியாம தெளிவா இருக்கணும், விரலால அழுத்தினா சதை உடனே மேல வரணும். பேரம் பேசலாம், ஆனா பாதி விலையிலேருந்து ஆரம்பிச்சு வாங்கிக் கட்டிக்காதீங்க. படம் எடுக்கறதுன்னா முதல்ல கேளுங்க. கேட்டா சிரிச்சுக்கிட்டே போஸ் கொடுப்பாங்க.

மதியச் சாப்பாடு

மேற்கு வீதிகள்ல மெஸ் நிறைய. உள்ளூர்க்காரங்க உட்கார்ந்திருக்கற கடையாப் பார்த்து நுழையுங்க. முடிஞ்சா 12.30-க்கே போயிடுங்க, ரெண்டு மணிக்கு மேல நல்ல மீன் தீர்ந்து போயிருக்கும்.

வறுவல் கேக்கறப்ப துண்டு மீனை விட முழு மீனைக் கேளுங்க. துண்டா வந்தா வஞ்சிரமா வேற மீனான்னு மசாலாவுக்கு அடியில தெரியாது. சங்கரா முழுசா தட்டுக்கு வந்தா ஏமாத்த வழியில்ல. "விலை எடைக்குத் தக்கபடி"ன்னு போட்டிருந்தா, பொரிக்கறதுக்கு முன்னாடியே எடையும் விலையும் கேட்டுடுங்க. நண்டுக்கும் இறாலுக்கும் இது கட்டாயம்.

ஒரு வேளை மட்டும் கிரியோல் சாப்பாடு சாப்பிட்டுப் பாருங்க. தமிழ் வீட்டு அடுப்புல பிரெஞ்சு ருசி கலந்து வளர்ந்த சமையல் அது. வடகம் தாளிச்ச வாசனையும் தேங்காய்ப்பாலும் இருக்கும், காரம் கம்மி. ஆந்திரா மீல்ஸ் நாக்கோட போனா சப்புன்னு தோணும். மெதுவாச் சாப்பிட்டாத்தான் ருசி தெரியும். பெருமாள் கோவில் வீதியில பழைய தமிழ் வீட்டை ஹோட்டலாக்கின மெசோன் பெருமாள் இருக்கு. முற்றமும் தூணும் பார்க்கவே அழகு. விலை கூடுதல்தான், முன்கூட்டியே போன் பண்ணிட்டுப் போங்க. இதுவும் வாய்க்காலுக்கு மேற்கேதான்னு கவனிச்சீங்களா?

வெயில் நேரத்துல என்ன பண்றது?

பன்னண்டுலேருந்து நாலு வரைக்கும் ஒயிட் டவுன்ல சுத்தினா தலைவலிதான் மிச்சம். அரவிந்தர் ஆசிரமத்தைக் காலையிலேயே முடிச்சிடுங்க, மதியம் மூடிடுவாங்க. உள்ள பேசக் கூடாது, போட்டோ கூடாது, மூணு வயசுக்குக் கீழ குழந்தைங்களுக்கு அனுமதியில்ல. மதியத்துக்கு பாரதி பூங்கா பக்கத்துல இருக்கற மியூசியம் சரியா இருக்கும். திங்கட்கிழமை லீவு.

பாரதியார் 1908-லேருந்து 1918 வரைக்கும் இந்த ஊர்லதான் இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோவில் வீதியில அவர் இருந்த வீடு நினைவகமா இருக்கு. அவர் குயில் பாட்டு எழுதின குயில் தோப்பு எங்க முத்தியால்பேட்டையில. பாதிப் பேருக்கு கஃபே லிஸ்ட் தெரியுது, இது தெரியல.

சாயந்திரம்

ஆறு மணிக்கு போலீஸ் தடுப்பு போட்டதும் கடற்கரைச் சாலை முழுக்க ஜனங்களோடது. சுண்டல், மாங்காய், பஜ்ஜின்னு கொறிச்சுக்கிட்டே நடங்க. இத்தாலிய ஐஸ்கிரீமுக்கு ஜி.எம்.டி. கடையில வரிசை நிக்கும், நின்னாலும் பரவாயில்ல.

ஞாயிற்றுக்கிழமைன்னா காந்தி வீதியில சண்டே மார்க்கெட். துணி, செருப்பு, கம்மல், பழைய புத்தகம் எல்லாம் நடைபாதையில குவிஞ்சு கிடக்கும். பையை முன்பக்கம் மாட்டிக்கிட்டு நுழையுங்க.

மஞ்சள் சுவர் போட்டோவைப் பத்தி ஒரு வார்த்தை. அந்த வீடுங்க செட்டிங் இல்ல, உள்ள ஆளுங்க குடியிருக்காங்க. வாசப்படியில உட்கார்ந்து ட்ரெஸ் மாத்தி மாத்தி எடுக்காதீங்க.

குடிக்க

முதல்ல இளநீர், நுங்கு, சீசன்ல பதநீர். வெயிலுக்கு இதை மிஞ்சினது எதுவும் இல்ல.

அடுத்தது நீங்க கேக்கத் தயங்கற விஷயம். குடிக்கறதும் குடிக்காததும் உங்க இஷ்டம், அக்கா புத்திமதி சொல்ல வரல. ஒயின் இந்த ஊருக்குப் புதுசும் இல்ல. 1945-ல அரிக்கமேட்டுல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்ப, ரோமானிய ஒயின் வந்த ஜாடிகளோட உடைசல் கிடைச்சுது. ஆனா நாலு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கணும்.

ஒண்ணு, இங்க சட்டப்படி வயசு 18, தமிழ்நாட்டுல 21. அடையாள அட்டை கையில இருக்கட்டும். ரெண்டு, பொண்ணுங்களாப் போறப்ப குடும்பங்கள் வந்து சாப்பிடற ரெஸ்டாரன்ட் பாரா பாருங்க. தெருமுனை பார் வேண்டாம். பாட்டிலை உங்க எதிர்லயே திறக்கச் சொல்லுங்க, கிளாஸை விட்டுட்டு எழுந்து போகாதீங்க. மூணு, கடற்கரையில உட்கார்ந்து குடிக்கக் கூடாது.

நாலாவதுதான் நிறையப் பேர் மாட்டிக்கறது. பாண்டியோட எல்லை ஒரே கோடா இருக்காது, தமிழ்நாட்டு ஊருங்க நடுநடுவுல வரும். எங்க வீட்டுலேருந்து வடக்கே நடந்தாலே கோட்டக்குப்பம், அது விழுப்புரம் மாவட்டம். செரினிட்டி பீச் அங்கதான் இருக்கு. ஆரோவில்லும் பெரும்பாலும் அந்த மாவட்டம்தான். இங்க வாங்கின பாட்டிலைப் பையில வெச்சுக்கிட்டு அங்க போனா தமிழ்நாடு மதுவிலக்கு போலீஸ் கேஸ் போடும். "பாண்டிக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சோம்"னு சொன்னா விட மாட்டாங்க.

கடல்ல இறங்கணுமா?

மணல் கடற்கரைக்கு கடலூர் ரோட்டுல சுண்ணாம்பாறு படகுத்துறைக்குப் போய், படகுல பாரடைஸ் பீச் போகலாம். காலை நேரத்துலயே போயிடுங்க. லீவு நாள்ல டிக்கெட் வரிசையிலேயே பாதி நாள் போயிடும். ஆறு கடல்ல கலக்கற முகத்துவாரப் பக்கம் இறங்காதீங்க. மேல அமைதியாத் தெரியும், அடியில இழுக்கும். செரினிட்டியிலயும் அதே கதைதான். அலைச்சறுக்கு கத்துக்கணும்னா பயிற்சி கொடுக்கறவங்களோட மட்டும் இறங்குங்க. முழங்கால் அளவு போதும். குடிச்சிருந்தா அதுவும் வேண்டாம்.

ஆரோவில்

1968-ல ஆரம்பிச்ச ஊர் அது. நேராப் போய் மாத்ரி மந்திர் உள்ள உட்கார முடியாது, முன்னாடியே பதிவு பண்ணணும். வெளியிலேருந்து பார்க்கற மேடைக்கு பார்வையாளர் மையத்துல அனுமதி வாங்கிட்டு நடக்கணும்; தண்ணி பாட்டில், தொப்பி அவசியம். திரும்பறப்ப குயிலாப்பாளையத்துல ஆரோவில் பேக்கரி ரொட்டி வாங்கிட்டு வாங்க.

வண்டி, அறை, பத்திரம்

ஊருக்குள்ள நடையோ வாடகை சைக்கிளோ போதும். வீதிங்க கட்டம் கட்டமா இருக்கு. வழி தவறினா கிழக்கே நடங்க, கடல் வந்துடும். ஸ்கூட்டர் எடுத்தா லைசென்ஸ், ஹெல்மெட் ரெண்டும் வேணும். எடுக்கறதுக்கு முன்னாடியே கீறல் எல்லாத்தையும் வீடியோ எடுத்துடுங்க. ஒரிஜினல் ஆதாரைக் கொடுக்காதீங்க. ஆட்டோவுல ஏறறதுக்கு முன்னாடி ரேட் பேசிடுங்க.

அறையை வாய்க்காலுக்கு மேற்கே போட்டா வாடகை குறையும். நடந்தே கடலுக்குப் போயிடலாம். ராத்திரி பத்துக்கு மேல ஒயிட் டவுன் வீதிங்க வெறிச்சோடிடும், ரெண்டு பேராவாவது சேர்ந்து நடங்க. ஏதாவது ஒண்ணுன்னா யோசிக்காம 112.

கிளம்பறப்ப

வாங்கிட்டுப் போகணும்னா ஆசிரமத்துக் கைமுறைக் காகிதம், ஊதுபத்தி, பெரிய மார்க்கெட்டுல வடகம். நல்ல வடகம் எண்ணெய்ப் பதமா உருண்டையா இருக்கும். முகர்ந்து பார்த்து வாங்குங்க, ரெண்டு கவர் போட்டுக் கட்டச் சொல்லுங்க. இல்லன்னா பஸ் முழுக்க வெங்காயம், பூண்டு வாசனை வீசும். சென்னைக்குத் திரும்பறவங்க ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குள்ள பஸ் ஏறிடுங்க. அதுக்கு மேல கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க உங்களை மாதிரி திரும்பறவங்க கார்தான் நிக்கும், திங்கட்கிழமை ஆபீஸ்ல கொட்டாவி விட வேண்டியதுதான்.