உறங்கும்போது பாடம் கற்க முடியுமா?

பாடங்களை ஒலிப்பதிவு செய்து, தலைமாட்டில் ஒலிக்கவிட்டுத் தூங்கினால், விடிந்ததும் எல்லாம் மனப்பாடமாகியிருக்குமா?

ஆல்டஸ் ஹக்ஸ்லி என்ற ஆங்கில எழுத்தாளர் 1932-ல் வெளியிட்ட ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் இக்கேள்வி வருகிறது. கதை நிகழும் காலம் கி.பி. 2540. அங்கே போர் இல்லை; வறுமை இல்லை. கவலை தோன்றினால் ‘சோமா’ மாத்திரை இருக்கிறது. ஆனால், தாமாகச் சிந்திப்பவர் மிக அரிது. இது எவ்வாறு நிகழ்ந்தது?

உணவுடன் ஓர் ஒலியையும் சேர்த்துப் பழக்கினால், பிறகு அவ்வொலியைக் கேட்ட உடனே நாய்க்கு எச்சில் ஊறும். இதை ரஷ்ய அறிவியலார் பாவ்லவ் கண்டறிந்தார் அல்லவா? நாவலிலோ, எட்டு மாதக் குழந்தைகள் புத்தகத்தைத் தொட்டால் பேரொலியும் மின்னதிர்ச்சியும் தருகிறார்கள். பின்னர் புத்தகத்தைக் கண்டாலே அவர்களுக்கு அச்சம்!

குழந்தைகள் வளரும்போது இரவில் தலையணைக்கடியில் ஒரு குரல் ஒலிக்கும். தம் வகுப்பே சிறந்தது என்பது போன்ற கருத்துகளை அது திரும்பத் திரும்பச் சொல்லும்.

உண்மையில் இது நடக்குமா? அமெரிக்காவில் சைமன், எம்மன்ஸ் என்ற இருவர் 1956-ல் தம் சோதனையை வெளியிட்டனர். உறங்குவோரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்துகொண்டே வினா-விடைகளை ஒலிக்கச் செய்தனர். விழிப்பைக் காட்டும் ஆல்ஃபா அலைகள் (வினாடிக்கு 8 முதல் 13) இருந்தபோது கேட்டவை நினைவில் நின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் கேட்டவை நிற்கவில்லை.

ஆனால், 2012-ல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிலையத்தார் வேறொன்றைக் கண்டனர். உறங்குவோருக்கு ஓர் ஒலியுடன் நறுமணத்தையும், மற்றோர் ஒலியுடன் துர்நாற்றத்தையும் சேர்த்துத் தந்தனர். பின்னர் மணமே இல்லாமல் ஒலியை மட்டும் கேட்டபோதும், அதற்கேற்ப அவர்கள் மூச்சை இழுக்கும் அளவு மாறியது. ஆகவே, பாவ்லவ் காட்டிய எளிய பழக்கம் உறக்கத்திலும் படியும். வரலாற்றுப் பாடம் படியாது.

அப்படியானால் அஞ்ச வேண்டியதில்லையா? சற்றுப் பொறுங்கள். 1977-ல் ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டாபினோ ஆகியோர் கல்லூரி மாணவர்களுக்குப் பல செய்திகளை இரண்டு வார இடைவெளிகளில் மும்முறை ஒலிக்கச் செய்தனர். திரும்பத் திரும்பக் கேட்ட செய்திகளை, பொய்யானவற்றையும்கூட, மாணவர்கள் மேலும் மேலும் உண்மையென்று நம்பத் தொடங்கினர். அவர்கள் அனைவரும் விழித்திருந்தவர்களே!

எனவே, ஒரு விளம்பரமோ முழக்கமோ உண்மையெனத் தோன்றும்போது உங்களையே கேளுங்கள்: இதற்குச் சான்றைப் பார்த்தேனா, பலமுறை கேட்டேனா? பாடத்தை விழித்திருந்து படியுங்கள். பிறகு நன்றாக உறங்குங்கள். படித்தது நினைவில் நிலைக்க அவ்வுறக்கம் உதவும்.