விண்மீனைச் சுற்றி ஒரு கருவளையம்

சென்ற மார்கழியில், வானவடியில் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டைமாடியிலிருந்து ஓரியன் நெபுலாவைப் படம் பிடித்தோம். படம் சற்று மங்கலாக இருந்தது. கணிப்பொறியில் அதைக் கூர்மையாக்கினோம். முகிலின் மடிப்புகள் துலங்கின, மகிழ்ந்தோம். அப்போது முதலாண்டு மாணவர் ஒருவர், "அண்ணா, விண்மீன்களைச் சுற்றித் தெரியும் கறுப்பு வளையம் தூசியா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அந்த நெபுலாவில் கருந்தூசி உண்மையாகவே உண்டு. ஆனால் அது விண்மீன் ஒவ்வொன்றையும் சுற்றி ஒழுங்காக வளையமிடாது. வளையத்தை உண்டாக்கியவர்கள் நாமே!

எவ்வாறு? சிறு கணக்கு ஒன்று போடுவோம். வானத்தின் ஒளி 10, விண்மீனின் ஒளி 100 எனக் கொள்க. வரிசையில் ஐந்து புள்ளிகள்: 10, 10, 100, 10, 10. ஒவ்வொன்றையும் அதன் இரு பக்கத்துப் புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி கண்டால் மங்கலான படி கிடைக்கும்: 10, 40, 40, 40, 10. மூலத்திலிருந்து இதைக் கழித்து, வரும் வேறுபாட்டை மூலத்தோடு கூட்டுவதே கூர்மையாக்கல். விடை: 10, -20, 160, -20, 10. பூஜ்யத்திற்குக் கீழான ஒளி படத்தில் இல்லை. ஆகவே விண்மீனின் இரு பக்கமும் முழுக் கறுப்பு!

இம்முறை கணிப்பொறிக்கு முற்பட்டது. 1970-களில் ஆஸ்திரேலியாவில் டேவிட் மாலின், மங்கலான பிலிம் படியைக் கொண்டே வான்படங்களின் நுட்பங்களை வெளிக்கொணர்ந்தார்.

அளவைக் குறைத்தால் போதாதா? வேறுபாட்டில் பாதியைச் சேர்த்தாலும் -5, கறுப்பே. கால் பங்கு சேர்த்தால் 2.5; அதுவும் வானத்தைவிட இருண்டதே. ஆகவே விண்மீன்களைத் தனியே காப்பாற்றவேண்டும். அதற்கு வழிகள் வருமாறு:

1. விண்மீன்களின்மேல் மறைப்பு இட்டு, மற்றப் பகுதியை மட்டும் கூர்மையாக்குக. வளையம் விண்மீனுக்கு வெளியே விழுவதால், மறைப்பு விண்மீனைவிடச் சற்று அகலமாகவும், ஓரம் படிப்படியாகத் தேய்வதாகவும் இருத்தல் வேண்டும்.

2. அல்லது விண்மீன்களைத் தனிப் படமாகப் பிரித்தெடுத்து, நெபுலாவை மட்டும் கூர்மையாக்கி, மீண்டும் சேர்க்க. முகிலில் திடீர் ஏற்றத்தாழ்வு குறைவு. எனவே வளையமும் குறைவு. பிரித்த இடத்தில் வடு எஞ்சியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்க.

3. மங்கலின் வடிவத்தை அளந்து, கணக்கால் அதை விலக்கும் முறையும் உண்டு. 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி பிழையாக இருந்தது. 1993 டிசம்பரில் அது சீர்செய்யப்படும்வரை, ரிச்சர்ட்சன் (1972), லூசி (1974) ஆகியோர் கண்ட இம்முறை அறிஞர்களுக்குப் பெரிதும் உதவியது. மங்கலின் வடிவத்தை உங்கள் படத்திலுள்ள, வெளுத்துப்போகாத விண்மீன்களிலிருந்தே அளந்திடுக. ஒளியளவை நீட்டி உயர்த்துவதற்கு முன்பே இதைச் செய்க. கணக்கைப் பலமுறை திருப்பினால் வளையம் மீண்டும் தலைகாட்டும்.

எதைச் செய்தாலும், மூலப் படத்தை அருகில் வைத்து ஒப்பிடுக. மூலத்தில் சிறிதும் இல்லாத வளையம் புதிதாகத் தோன்றினால் அது வானத்தினுடையதன்று.

நாங்கள் மறைப்பிட்டு மறுபடியும் செய்தோம். முந்தைய படத்தைவிட இது சற்று மென்மையானதே. ஆனால், "இது தூசியா?" என்று இனி ஒரு தம்பி கேட்டால், "ஆம், தூசியே" என்று தயங்காமல் சொல்லலாம்.