வெள்ளம் கற்பித்த கணினிப் பாடம்

கற்றல் நோக்கம்: கட்டற்ற மென்பொருள், தனியுரிமை, செய்தியின் உண்மை ஆகிய மூன்றையும் ஒரே நிகழ்வின் வழியாக அறிதல்.

படகும் முகவரியும்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரளம் பெருவெள்ளத்தில் சிக்கியது. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நிவாரண முகாம்களில் தங்கினர். பம்பை, பெரியாறு, சாலக்குடி ஆறுகளின் கரையோர ஊர்களில் மக்கள் மாடிகளில் ஏறி நின்று உதவிக்காகக் காத்திருந்தனர். திருவனந்தபுரத்துக் கடற்கரை ஊர்களான பூந்துறை, விழிஞ்ஞம் முதலியவற்றிலிருந்து மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு அங்கு விரைந்தனர். படகுகள் வந்துவிட்டன. ஆனால், எந்த வீட்டில் எத்தனை பேர் சிக்கியிருக்கின்றனர் என்பதை அறிவது எப்படி?

இதற்கு வழிகாண, கேரள மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கமும் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பின் கேரளத் தன்னார்வலர்களும் இணைந்து ‘கேரள ரெஸ்கியூ’ என்னும் இணையதளத்தை உருவாக்கினர். உதவி வேண்டுவோர் தம் இருப்பிடத்தையும் தேவையையும் அதில் பதிவு செய்தனர். இத்தளத்தின் மூலநிரல் அனைவரும் காணும்படி பொதுவில் வைக்கப்பட்டது. ஆதலால், முன்பின் அறியாத நிரலாளர்கள் பலர் தத்தம் ஊர்களில் இருந்தபடியே பிழைகளைத் திருத்தினர். புதிய வசதிகளைச் சேர்த்தனர்.

திறந்த நிரல்

மூலநிரல் என்பது ஒரு மென்பொருள் எவ்வாறு இயங்க வேண்டும் என்று மனிதர் எழுதிய கட்டளைத் தொகுப்பு. அதனை மறைத்து வைத்தால், உள்ளே நடப்பதைப் பயன்படுத்துவோர் அறிய இயலாது. 1983ஆம் ஆண்டு ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்க நிரலாளர் இந்நிலைக்கு மாற்றாகக் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை விரும்பியவாறு இயக்கவும், ஆராயவும், பிறருக்குப் படியெடுத்து அளிக்கவும், மாற்றியமைத்து வெளியிடவும் உரிமை வேண்டும் என்பது அவரது இயக்கத்தின் கொள்கை. இந்நான்கு உரிமைகளும் உடையதே கட்டற்ற மென்பொருள். விலையின்றிக் கிடைக்கும் செயலிகள் எல்லாம் கட்டற்றவை ஆகா. இலவசம் வேறு, விடுதலை வேறு.

இக்கொள்கைக்கும் திருவனந்தபுரத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் இந்நகரில்தான் தொடங்கப்பெற்றது. பின்னர்க் கேரள அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி குனு/லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறியது. இன்று அப்பணியைத் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ‘கைட்’ நிறுவனம் நடத்தி வருகிறது.

தனியுரிமை

வெள்ளத்தில் சிக்கியோர் தம் பெயர், வீட்டு அடையாளம், கைப்பேசி எண், வீட்டிலுள்ள முதியோர் குழந்தைகளின் விவரம் ஆகியவற்றை வெளியிட்டனர். உயிர் காக்கும் அந்நேரத்தில் அதுவே முறை. ஆனால் அதே விவரங்கள் வாட்ஸ்அப் வழியாக எண்ணற்றோர் கைகளுக்கும் சென்றன. வெள்ளம் வடிந்தது; பரவிய விவரங்களைத் திரும்பப் பெற வழியில்லை.

நம்மைப் பற்றிய ஒரு விவரத்தை யாரிடம், எதற்காக, எவ்வளவு காலத்திற்கு அளிப்பது என்பதை நாமே முடிவு செய்வது தனியுரிமை ஆகும். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள், கே. எஸ். புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இதனை அடிப்படை உரிமை என அறிவித்தனர். 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதோரின் விவரங்களைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருப்பினும் விழிப்பு நம்முடையது. கைவிளக்காகப் பயன்படும் ஒரு செயலி நம் தொடர்பு எண்களைக் கேட்டால், ‘வெளிச்சம் தருவதற்கு இவை எதற்கு?’ என்று நாம் கேட்க வேண்டும்.

செய்தியின் உண்மை

அவ்வெள்ள நாள்களில், முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிட்டது என்னும் செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. ஏற்கெனவே அஞ்சியிருந்த மக்கள் மேலும் கலங்கினர். அது பொய் என அரசு மறுத்தது.

பொய்ச்செய்தியைப் போலவே பழைய செய்தியும் இடையூறு செய்தது. மீட்கப்பட்டுப் பாதுகாப்பாக இருந்தோரின் உதவிக் குரல்களும் மீண்டும் மீண்டும் பகிரப்பட்டன. தன்னார்வலர்கள் ஒவ்வொரு எண்ணையும் அழைத்து, உண்மை நிலையைக் கேட்டறிய வேண்டியதாயிற்று. பகிர்ந்தோரில் பலர் நல்லெண்ணம் கொண்டவர்களே. ஆயினும், மீட்கப்பட்டவரைத் தேடிச் செல்லும் படகு, காத்திருப்பவரை அடையத் தாமதமாகும். இரக்கத்தோடு ஆராய்ச்சியும் சேர்ந்தால்தான் உதவி உரிய இடத்தைச் சேரும்.

சொல்பவர் யாராக இருப்பினும் சொல்லின் உண்மையை ஆராய்ந்து காண்பதே அறிவு என்கிறார் வள்ளுவர். பலரும் பார்த்து ஆராய்ந்ததால் நிரலின் பிழைகள் திருத்தப்பட்டன. செய்தியையும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும்: இதைச் சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? இப்போதும் இது உண்மையா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கிடைக்கும்வரை, பகிர விழையும் விரல் சற்றே பொறுத்திருக்கட்டும்.

சொற்பொருள்

மூலநிரல் – மென்பொருளின் கட்டளைத் தொகுப்பு
கட்டற்ற – தளையில்லாத
தன்னார்வலர் – கைம்மாறு கருதாது தாமே முன்வந்து உதவுபவர்
விழையும் – விரும்பும்

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: கடற்கரை, பெருவெள்ளம், தன்னார்வலர், நல்லெண்ணம்.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மீட்புப் பணிக்குப் படகுகளோடு வேறு எது தேவைப்பட்டது?
2. கட்டற்ற மென்பொருளின் நான்கு உரிமைகள் யாவை?
3. பழைய செய்தி எவ்வாறு இடையூறு செய்தது?

இ. சிந்தித்து எழுதுக.
1. ‘இலவசம் வேறு, விடுதலை வேறு’ – விளக்குக.
2. ஆபத்தில் இருப்பவரின் கைப்பேசி எண்ணைப் பொதுவில் பகிரலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. செயல்பாடு: பாடத்தில் குறிப்பிட்ட வள்ளுவரின் கருத்து இடம்பெறும் குறளை ‘அறிவுடைமை’ அதிகாரத்தில் கண்டறிந்து எழுதுக. வீட்டுக் கைப்பேசியிலுள்ள ஏதேனும் ஒரு செயலி கேட்கும் அனுமதிகளைப் பெற்றோருடன் சேர்ந்து பட்டியலிட்டு, தேவையானவை, தேவையற்றவை என வகைப்படுத்துக.