பி27: இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள்

மாணவர்களே, முதுகுவலி என்றதும் தாத்தா பாட்டிதானே உங்கள் நினைவுக்கு வருகிறார்கள்? ஆனால் ஒரு வகை முதுகுவலி பதின்ம வயதிலேயே தொடங்கிவிடலாம். அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பது அதன் பெயர். முதுகுத்தண்டும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுகளில் அழற்சி உண்டாகும். கவனிக்காமல் விட்டால், நாளடைவில் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகு விறைத்துப் போகலாம்.

1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே உண்மையைக் கண்டறிந்தன. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேரிடம் எச்.எல்.ஏ.-பி27 என்ற மரபணு அடையாளம் இருந்தது. மற்றவர்களில் அது நூற்றுக்குப் பத்துப் பேரிடம்கூட இல்லை.

அப்படியென்றால் பி27 உள்ள எல்லாருக்கும் நோய் வருமா? இல்லை. அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் வருகிறது. முதல் கணக்கையும் இரண்டாவது கணக்கையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெரியவர்களே இங்கே தடுமாறுவதுண்டு.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஆறாவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணு ஒரு புரதத்தை உருவாக்குகிறது. அப்புரதம் உயிரணுவின் மேற்பரப்பில் ஒரு தட்டுப்போல நின்று, உள்ளிருக்கும் புரதத் துண்டுகளை நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு ஏந்திக் காட்டுகிறது. பி27இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட உள்வகைகள் உண்டு. ஜொகூரில் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் மூன்று இனத்தாரிடம் வெவ்வேறு வகைகள் இருக்கலாம்: சீனர்களிடம் பெரும்பாலும் 04, மலாய்க்காரர்களிடம் 06, இந்தியர்களிடம் 05, 04.

04 வகை நோயோடு தொடர்புடையது. 06 அப்படியல்ல. 1990களில் தாய்லாந்தில் நடந்த ஆய்வில், 06 நலமாக இருந்தவர்களிடம் காணப்பட்டது, நோயாளிகளிடம் தென்படவில்லை. இவ்விரு வகைப் புரதங்களுக்கும் உள்ள வேறுபாடு 114, 116 ஆகிய இடங்களில் உள்ள இரண்டே அமினோ அமிலங்கள்! அவை தட்டின் அடிப்பகுதியில் இருப்பதால், தட்டில் எந்தத் துண்டு பொருந்தும் என்பதே மாறுகிறது. வேடிக்கை என்னவென்றால், எங்கோ இத்தாலியின் சார்டினியா தீவில் காணப்படும் 09 வகையும் நோயோடு பெரிதாகத் தொடர்பில்லாதது. அது 05இலிருந்து வேறுபடுவதும் அதே 116ஆம் இடத்தில்தான்.

வழக்கமான இரத்தப் பரிசோதனை பி27 உண்டா இல்லையா என்று மட்டுமே சொல்லும்; உள்வகையைச் சொல்லாது. ஆகவே மருத்துவர் முதலில் கேட்பது வலியைப் பற்றித்தான். காலையில் முதுகு விறைப்பாக இருந்து, நடந்தால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுகிறதா? இது மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கிறதா? ஆம் என்றால், புத்தகப் பையின் மீது பழிபோடாமல் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.