படியேற முடியாதவர் கையில் பொறுப்பு

கேள்வி: மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகளை மாற்றுத்திறனாளிகளே வழிநடத்த வேண்டும் என்கிறார்களே, ஏன்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஜாவேத் அபிதியை எண்ணிப் பாருங்கள். 1995-ல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறப் போராடியவர்களில் முன்னணியில் நின்றவர். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகளையும் எண்ண வைத்ததில் அவர் பங்கு பெரிது. கணக்கில் வராதவருக்குத் திட்டமும் வராது, நிதியும் வராது என்று அறிந்திருந்தார். அடுத்து வந்த 2016 சட்டம், அங்கீகரிக்கப்பட்ட குறைபாட்டு வகைகளை 7-லிருந்து 21 ஆக்கியது. அரசு வேலை ஒதுக்கீட்டை 3-லிருந்து 4 சதவீதமாக்கியது. 2018-ல் அவர் மறைந்தபின், அவர் நடத்திய தேசிய அமைப்பின் பொறுப்பை ஏற்ற அர்மான் அலியும் மாற்றுத்திறனாளியே.

படிக்கட்டின் முன் நின்று திரும்பியவருக்குத்தான், சாய்தளம் சலுகையல்ல, உரிமை என்று உறுதியாகச் சொல்ல வரும்.