திமிங்கிலத்தின் தாயாதியும் காலாகோட்டுப் பாறைகளும்

திமிங்கிலம் கடலில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சு விடுகிறது. குட்டி ஈன்று பாலூட்டுகிறது. நிலத்தில் திரிந்த நாற்கால் விலங்கொன்றின் வழித்தோன்றலே அது என்பதை உயிரியலார் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்டுள்ளனர். எவ்விலங்கு, எக்காரணத்தால் நீரில் இறங்கியது என்பதே விடையின்றி நின்ற வினாவாகும். 1859இல் வெளியான தம் நூலின் முதற்பதிப்பில், வாயைத் திறந்தபடி நீந்திப் பூச்சி பிடிக்கும் கரடி நாளடைவில் திமிங்கிலம் போன்றதோர் உயிராக மாறக்கூடும் என்று டார்வின் ஊகித்தார். அது நகைப்புக்குள்ளாகவே, அடுத்த பதிப்புகளில் அப்பகுதியைச் சுருக்கிவிட்டார். கரடியைப் பற்றிய ஊகம் பிழைதான். ஆனால், பழக்கம் முதலில் மாற, உடலமைப்பு அதனைப் பின்தொடரலாம் என்ற கருத்துக்கு இன்று நல்ல சான்றுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி இந்திய, பாகிஸ்தானிய மண்ணிலிருந்து கிடைத்தவை.

ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலப்பகுதி ஆசியாவுடன் மோதிக்கொண்டிருந்த காலத்தில், இடையிலிருந்த டெத்திஸ் கடல் சுருங்கி வந்தது. அக்காலக் கரையோரப் படிவுகள் ஜம்மு, இமாசலப் பிரதேசம், கச்சு, வட பாகிஸ்தான் ஆகிய பகுதிகளில் பாறைகளாக உறைந்துள்ளன. கச்சில் அசோக் சாஹ்னியும் வி. பி. மிஸ்ராவும் 1970களிலேயே பண்டைத் திமிங்கிலங்களின் எலும்புகளை விவரித்தனர். பாகிஸ்தானில் கிடைத்த பாகிசீட்டஸ் 1981இலும், நடக்கவும் நீந்தவும் வல்ல ஆம்புலோசீட்டஸ் 1994இலும் அறிவிக்கப்பட்டன. 2001இல் வெளியான ஆய்வுகள் தொல் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்பை ஆராய்ந்தன. ஆடு, மாடு, மான், பன்றி ஆகியவற்றுக்கே உரிய, இரு முனைகளிலும் கப்பி போன்ற அமைப்பு அதில் இருந்தது. திமிங்கிலத்தின் உறவு குளம்புள்ள விலங்குகளோடுதான் என்பது இதனால் உறுதியாயிற்று.

எஞ்சிய கேள்விக்கு விடை தந்தது, ஜம்முவில் ரஜௌரி மாவட்டத்துக் காலாகோட் பகுதியில் கிடைத்த இந்தோஹையஸ் என்னும் சிறு விலங்கு. ஏறத்தாழப் பூனை அளவுடைய இதற்கு 1971இல் பெயரிட்டவர் புவியியலாளர் ஏ. ரங்கராவ். அவர் சேகரித்த பாறைகளுள் பல உடைக்கப்படாமலே இருந்தன. அவரது மறைவுக்குப் பின் அவருடைய துணைவியார் அவற்றைக் காத்துவந்து, ஒஹையோ மாநில ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனிடம் ஆய்வுக்கு அளித்தார். பாறையிலிருந்து மண்டையோட்டைப் பிரித்தெடுக்கும்போது உதவியாளர் ஒருவரின் கையில் காதெலும்பு தற்செயலாக உடைந்தது. உள்ளே தெரிந்தது, திமிங்கில இனத்தின் தனி அடையாளமாகக் கருதப்பட்ட தடித்த எலும்புச் சுவர்.

தெவிசன், சுனில் வாஜ்பாய் முதலியோர் 2007இல் வெளியிட்ட முடிவுகள் கவனத்துக்குரியவை. இந்தோஹையஸின் கால் எலும்புகள் வெளிப்புறம் தடித்துக் கனத்திருந்தன. நீர்யானைக்கு உள்ளது போல, நீரில் மிதந்துவிடாமல் கால் ஊன்றி நடக்க இக்கனம் உதவும். பல்லிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதமும் அது நீரில் வெகுநேரம் கழித்ததைக் காட்டிற்று. ஆனால் கார்பன் ஐசோடோப்பு விகிதமோ தொல் திமிங்கிலங்களினின்றும் வேறுபட்டது. அதாவது, உணவு வேறு. இரை தேடி நீரில் இறங்கியதால் திமிங்கிலம் தோன்றியது என்ற பழைய விளக்கம் இதனால் தளர்ந்தது. பகைக்கு அஞ்சி நீரில் ஒளியும் வழக்கமே முதலில் வந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்கச் சருகுமான் இன்றும் ஆபத்து நேர்ந்தால் ஓடைக்குள் பாய்ந்து மறைகிறது. நீரைப் புகலிடமாகக் கொண்ட பின்னரே நீர்வாழ் உயிர்களை உண்ணும் பழக்கமும், அதற்கேற்ற பற்களும் தாடையும் வந்தன எனலாம்.

மாணவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. இந்தோஹையஸ் வாழ்ந்தது ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன்; பாகிசீட்டஸ் அதற்கும் சற்று முந்தியது. ஆகவே இது திமிங்கிலத்தின் பாட்டன் அன்று, தாயாதி. பாட்டனின் சாயல் தாயாதியிடமும் தங்கியிருக்கும் என்பதே இவ்வாய்வின் அடிப்படை.

பின்னர் நிகழ்ந்த மாற்றங்களுக்குக் காது நல்ல சாட்சி. உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவி அரைவட்டக் குழல்கள் கச்சுத் திமிங்கிலங்களிலேயே சிறுத்துவிட்டன என்பதை 2002இல் ஸ்கேன் படங்கள் காட்டின. நிலத்தில் விரைந்தோடும் விலங்குக்கு அக்குழல்கள் அவ்வளவு சிறிதாக இருக்க இயலாது. கீழ்த்தாடை வழியே ஒலி வாங்கும் முறையும் படிப்படியாகவே வளர்ந்தது.

காலாகோட் நிலக்கரிப் பகுதி. கச்சின் பானந்த்ரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். சுரங்கத் திட்டங்களின் செலவு-பயன் கணக்கில் எலும்புகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கப்படுவது அரிது. மேலே அகற்றப்படும் மண்ணைப் பார்வையிட ஓர் ஆய்வாளரை அனுமதிப்பதற்கும், கிடைப்பதைப் பெயர்ச்சீட்டுடன் பெட்டியில் வைப்பதற்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம். புவிப் பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதற்கான மசோதாவின் வரைவு 2022இல் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. ஆயினும், சட்டம் ஒருபுறமிருக்க, பெட்டிகளைப் பேணுவது அந்தந்த நிறுவனத்தின் பொறுப்பே. பானந்த்ரோவில் 2005இல் எடுக்கப்பட்ட 27 முதுகெலும்புகள் முதலையினுடையவை எனக் கருதப்பட்டுப் பல ஆண்டுகள் ஆய்வின்றிக் கிடந்தன. 11 முதல் 15 மீட்டர் வரை நீண்டிருக்கக்கூடிய வாசுகி இண்டிகஸ் என்னும் பாம்பின் எலும்புகள் அவை என்பது 2024இல்தான் அறிவிக்கப்பட்டது.